நீலத் தட்டும் நாத்தனாரும்

அத்தியாயம் 5

"மேடம், அந்த மீன் என்னையே பார்க்குது."

"அது செத்து ரெண்டு நாள் ஆச்சு, கடுகு. நீதான் அதையே பார்த்துக்கிட்டு இருக்க."

கடுகு கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு எட்டு பின்வாங்கினான். உள்ளே பனிக்கட்டிப் படுக்கையில் அழகுக்காக ஒரு முழு மீனைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஆரஞ்சும் வெள்ளையும் சிவப்புமாகத் துண்டு போட்ட மீன்கள், பட்டுத்துணிக் கடையில் அடுக்கி வைத்த மாதிரி வரிசையாக இருந்தன. சமைக்கிற வாசனையே இல்லாத ஒரு சமையலறையை அவன் இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

கடுகுக்கு முப்பத்தைந்து வயது. உயரம் குறைவு, வாய் நீளம். சிறுத்தாலும் காரம் குறையாது என்று பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பட்டம், பெற்றவர்கள் வைத்த பெயரை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. அவனுடைய முதலாளியம்மாவுக்கும் அதே கதைதான். இருபத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு சலவைக்கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டியவளை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? டிக்கெட்டம்மா என்றே ஆகிப்போனாள். பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் அவளுக்கு டிக்கெட் இல்லாத பயணிகள்தான்.

இன்று காலை சலவைக்கடை மாடிக்கு வந்த பெண்ணிடம் டிக்கெட் இருந்தது. அதைக் கடுகே சொல்லிவிடுவான். உதடு இன்னும் லேசாக வீங்கியிருந்தது. கழுத்தில் சிவப்புத் திட்டுகள் வாடிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை கல்யாணம். இன்று செவ்வாய்.

"எனக்கு இறால், நண்டு ஆகாதுங்க. சின்ன வயசுலேர்ந்தே" என்றாள் அந்த மணப்பெண். "சனிக்கிழமை மதியம் ரெண்டு வீடும் சேர்ந்து சாப்பிட்டோம். மாப்பிள்ளையோட அக்காதான் அந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடையில சுஷி செய்யறவங்க. எனக்குன்னு தனியா நீலத் தட்டு வெச்சு, பார்த்துப் பார்த்துச் செஞ்சாங்க. ஆனா கடைசியில மூச்சு அடைச்சுக்கிச்சு. எங்க தாய்மாமா உடனே பையில வெச்சிருந்த ஊசியைத் தொடையில போட்டாரு. ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி இருந்தேன்."

"இப்ப மாமா என்ன சொல்றார்?"

"நாத்தனார் வேணும்னே செஞ்சுட்டாங்கறார். இன்னைக்கு நாலு மணிக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துல புகார் கொடுக்கப் போறார். புகார் போச்சுன்னா அக்காவுக்கு வேலை போயிடும்னு முதலாளி சொல்லிட்டாராம். தன் அக்காவை வேலையை விட்டுத் துரத்தின வீட்டுல அவர் எப்படிங்க பொண்ணு எடுப்பாரு?" அவள் கண் துடைத்துக்கொண்டாள். "அக்கா அப்படிச் செய்யற ஆள் இல்ல. அதை நீங்க நாலு மணிக்குள்ள நிரூபிக்கணும்."

நாத்தனார் நல்லவள் என்று நிரூபிக்கச் சொல்லி ஒரு மணப்பெண் வருவது, டிக்கெட்டம்மா நிறுவனத்தின் வரலாற்றில் மட்டுமல்ல, உலக வரலாற்றிலேயே முதல் தடவை என்று கடுகு அப்போதே நினைத்துக்கொண்டான்.

இப்போது மணி பதினொன்றரை. கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மேடைக்குப் பின்னால் அந்த நாத்தனார் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தலைமுடியை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். தூங்காத கண்கள். கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேளுங்க" என்றாள். "எல்லாரும் கேட்டுட்டாங்க. நீங்களும் கேளுங்க."

டிக்கெட்டம்மா கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேடைமேல் வைத்தாள். மணப்பெண் தன் பணப்பையில் எப்போதும் வைத்திருக்கும் அட்டை. பொடிப்பொடி எழுத்தில் அவளே எழுதியது: *எனக்கு இறால், நண்டு, சிப்பி வகை எதுவும் ஆகாது. அவை பட்ட கத்தி, பலகை, பாய், கையுறை, எண்ணெய் எதுவும் ஆகாது. தயவுசெய்து சமையல்காரரிடம் காட்டவும்.*

"இதைக் காட்டினாளா?"

"காட்டத் தேவையே இல்லீங்க. எனக்கு மனப்பாடம்." நாத்தனார் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அன்னைக்குக் காலையில இறாலைக் குளிர்பெட்டியிலேர்ந்து வெளிய எடுக்கறதுக்கு முன்னாடியே அவளுக்கு வேண்டியதை முடிச்சுட்டேன். புதுப் பலகை. புதுக் கையுறை. சோறு சுருட்டற மூங்கில் பாய்க்கு மேல புது உறை. அவளுக்குன்னே நீலப்பிடி போட்ட கத்தி. பொரிச்சது எதுவும் கிடையாது. இறால் பொரிச்ச எண்ணெயில கத்தரிக்காயைப் போட்டாலும் அவளுக்கு அது இறால்தான்."

கடுகு ஒரு பெட்டியை எட்டிப் பார்த்தான். ஓரம் சிவப்பும் உள்ளே வெள்ளையுமாகக் குச்சி குச்சியாக ஏதோ இருந்தது. "ஆஹா! இது நண்டுதானே?"

"நண்டு வேஷம் போட்ட மீன்."

"அப்ப பிரச்சனை இல்ல."

"இருக்கு. வேஷம் பொருந்தணும்னு நிஜ நண்டுச் சாறு கொஞ்சம் சேர்ப்பாங்க. முட்டை வெள்ளைக்கரு, மாவு எல்லாம் இருக்கும். நிறைய பேர் இது வெறும் மீன்தானேன்னு சாப்பிட்டு மாட்டிக்குவாங்க. அன்னைக்கு அந்தப் பெட்டியையே நான் திறக்கல."

"நாடகத்துல நடிக்கறவனுக்கே இவ்வளவு உழைப்பு கிடையாது" என்று முணுமுணுத்த கடுகு, சட்டென்று நிமிர்ந்தான். அவன் கண்ணில் ஒரு கிண்ணம் பட்டுவிட்டது. நாத்தனார் சோற்றைப் பிடிப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் விரல் நனைக்கிற கிண்ணம். வினிகர் கலந்த தண்ணீர். அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"கத்தி மாத்தினீங்க. பலகை மாத்தினீங்க. கையுறை மாத்தினீங்க. இந்தத் தண்ணி? இறாலைத் தொட்ட விரலும் இதுல, சோத்தைத் தொட்ட விரலும் இதுல! மேடம், கேஸ் முடிஞ்சுது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

நாத்தனார் குனிந்து, மேடைக்குக் கீழிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து வைத்தாள். நீலக் கிண்ணம். அதன்மேல் ஒரு நீலத் துணி. அதன்மேல் நீல மூடி.

கடுகு இடுப்பிலிருந்து கையை எடுத்தான்.

"மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு, கடுகு" என்றாள் டிக்கெட்டம்மா. பிறகு நாத்தனாரிடம் திரும்பினாள். "இவ்வளவு பாசம் வெச்சிருக்கறவங்க, 'எங்க வீட்டுக்கு வந்தா என் கடையில பாதி சாப்பிட முடியாது, யோசிச்சுக்கோ'ன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களாமே? அதை மாமா மிரட்டல்னு எழுதியிருக்கார்."

நாத்தனாரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வரப் பார்த்து, பாதியிலேயே திரும்பிப் போனது. "சொன்னேங்க. கேலியாச் சொன்னேன். அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து அவ சாப்பிடக்கூடிய பாதியை எழுதினேன். பதினேழு வகை வந்துச்சு. அதையும் எழுதியிருக்காரா அந்தக் கப்பல்காரர்?"

"கப்பல்காரரா?"

"அவளோட மாமாதான். அவ அம்மா கூடப் பிறந்தவர். கப்பல்ல இருந்தாராம், முப்பத்தொரு நாடு பார்த்தாராம். உட்கார்ந்ததுலேர்ந்து எழுந்திருக்கற வரைக்கும் துறைமுகம் துறைமுகமாச் சொன்னாரு. மேஜையில அஞ்சு பேர். அவ, அவ அம்மா, அந்த மாமா, என் தம்பி, எங்கப்பா. எங்கப்பாவுக்கும் அவ அம்மாவுக்கும் சாப்பிடற குச்சியைப் பிடிக்கத் தெரியாது. பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்தேன். மாமாவுக்கும் சொல்லப் போனேன். 'எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், நான் பார்க்காத குச்சியா'ன்னுட்டாரு."

"முப்பத்தொரு நாட்டுக் குச்சி" என்றான் கடுகு. "அடுக்கினா ஒரு விறகுக்கடை."

டிக்கெட்டம்மா சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து மணப்பெண்ணைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ஏம்மா, உனக்கு ஒத்துக்காததைச் சாப்பிட்டா, எவ்வளவு நேரத்துல தெரியும்?"

"எனக்கு எப்பவுமே பத்து நிமிஷத்துக்குள்ள தெரிஞ்சுடுங்க. உதடு முதல்ல அரிக்கும்."

"அன்னைக்கு உதடு அரிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடலையே. நீலத் தட்டுல இருந்ததெல்லாம் முக்கால் மணி நேரம் முன்னாடியே தீர்ந்துபோச்சு. சும்மா பேசிக்கிட்டு…" குரல் நின்றது. "கொஞ்சம் இஞ்சி."

"எந்த இஞ்சி?"

"எனக்குத் தனியா நீலக் கிண்ணத்துல வெச்சிருந்தாங்க. அது காலியாயிடுச்சு. எனக்கு இஞ்சின்னா உசுரு. நடுவுல எல்லாருக்கும் பொதுவா ஒரு தட்டு இருந்துச்சு, அதுலேர்ந்து ரெண்டு மூணு துண்டு எடுத்தேன். ஆனா அதுல தப்பு இருக்க முடியாதுங்க. அக்காதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்களே."

அழைப்பு முடிந்ததும் டிக்கெட்டம்மா நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் ஒரு சின்ன வெள்ளைத் தட்டை முன்னால் நகர்த்தினாள். ரோஜா நிறத்தில் இதழ் இதழாகச் சீவிய இஞ்சி ஊறுகாய் இருந்தது. ஒரு சுஷிக்கும் அடுத்த சுஷிக்கும் நடுவில் வாயைக் கழுவுகிற மாதிரி ஒரு துண்டு மெல்லுவார்களாம்.

"மத்தவங்க இறாலும் சாப்பிட்டாங்க. அவதான் 'எனக்காக நீங்க ஏன் பட்டினி கிடக்கணும்'னு வற்புறுத்தினா" என்றாள் நாத்தனார். "அதனால ஒரு சட்டம் போட்டேன். இந்த இஞ்சியை எடுக்கறவங்க குச்சியோட தடித்த முனையால எடுக்கணும். வாயில போற கூர்முனை இதுல படவே கூடாது. எல்லாரும் சரின்னாங்க. நான் இங்கேர்ந்து அந்தக் கண்ணாடி அறையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். எல்லாருமே தடித்த முனையாலதான் எடுத்தாங்க. ஒருத்தர்கூடத் தப்பு செய்யல."

"ஒருத்தர்கூட?"

"சத்தியமா."

டிக்கெட்டம்மா மேடைமேல் இருந்த ஒரு ஜோடிக் குச்சியைக் கையில் எடுத்தாள். கறுப்பு மெருகு போட்ட குச்சிகள். ஒரு பக்கம் பென்சில் மாதிரி கூராகப் போனது. மறுபக்கம் தடிப்பாக, நுனியில் ஒரு தங்க வளையம். அவள் அதை விரலில் உருட்டியபடி, "இதையெல்லாம் கழுவறது யாரு?" என்று கேட்டாள்.

அது யாரென்று தெரிந்துகொள்ள அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பின்கட்டில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தமும், அதைவிடப் பெரிதாக ஒரு திட்டும் கேட்டன.

பாத்திரம் கழுவும் அக்காவுக்கு முழங்கை வரை நுரை. யார் வந்தாலும் அவளுக்கு அவர்கள் இன்னொரு அழுக்குத் தட்டு.

"சனிக்கிழமையா? நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். "அந்தக் குச்சியைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் நகம் தேஞ்சுது. இந்தத் தங்க வளையம் இருக்கே, இதை யார் கண்டுபிடிச்சானோ, அவன் ஒரு நாளும் பாத்திரம் கழுவியிருக்க மாட்டான். சாஸ் காஞ்சா விடவே விடாது."

"வளையத்துல எப்படிக்கா சாஸ் வரும்?" என்றான் கடுகு. "அது மேல்பக்கம் ஆச்சே?"

"அதைத்தான் தம்பி நானும் கேக்கறேன்! அந்த அறையிலேர்ந்து அஞ்சு ஜோடி வந்துச்சு. நாலு ஜோடி எப்பவும் போலத்தான். கூர்முனையில அழுக்கு, தடிமுனையில லேசா இஞ்சித் தண்ணி. அஞ்சாவது ஜோடியில கூர்முனை அப்பத்தான் பெட்டியிலேர்ந்து எடுத்த மாதிரி பளபளன்னு இருக்கு. தங்க வளையம் முழுக்க சாஸும் சோறும். யாரோ வேணும்னே என்னைப் பழிவாங்கியிருக்காங்க."

"கூர்முனை சுத்தம்னா அந்த ஆள் சாப்பிடவே இல்ல மேடம்" என்றான் கடுகு வெளியே வந்ததும். "சாப்பிடாம உட்கார்ந்து இஞ்சியில எதையோ கலந்திருக்காங்க. விஷம் வைக்க வந்தவங்க சாப்பிட மாட்டாங்க, அதான் வழக்கம்."

"யாரோட வழக்கம்?"

"கதையில வர்றவங்களோட வழக்கம்."

டிக்கெட்டம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு கடுகுக்குத் தெரியும். ரயில் பெட்டியின் அந்தக் கோடியில், செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனின் செருப்பைப் பார்த்துவிட்ட சிரிப்பு அது.

"கடுகு, இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். டிக்கெட் இல்லாதவன்தான் முதல்ல சத்தம் போடுவான்."

"அப்ப மாமாவா? ஊசி போட்டுக் காப்பாத்தினவரே அவர்தானே மேடம்! கொல்ல நினைக்கறவர் எதுக்கு மருந்து வெச்சிருக்கார்?"

"கொல்ல நினைச்சார்னு நான் சொன்னேனா? முதலாளிக்குப் புகார் நகலைக் கொடுக்க மூணு மணிக்கு இங்க வர்றாராம். பொண்ணையும் கூட வரச்சொல்லு. அதே அறை, அதே மேஜை. வெள்ளரிக்காய் வெச்ச சுஷி மட்டும் போதும். நடுவுல ஒரு தட்டு இஞ்சி."

"சாட்சிகளுக்கெல்லாம் நம்ம நிறுவனம் எப்பலேர்ந்து விருந்து வைக்குது?"

"உனக்கும் ஒரு தட்டு உண்டு."

"எனக்கு வேண்டாம். நான் இங்கேயே நின்னு பசியோட துப்பறியறேன்."

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கப்பல் மாமா வந்தார். அறுபத்திரண்டு வயது. நெஞ்சு நிமிர்ந்த நடை. மணிக்கட்டில் இரண்டு நேரம் காட்டுகிற பெரிய கடிகாரம். கையில் நான்காக மடித்த புகார்க் கடிதம். பின்னாலேயே மணப்பெண், யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி வந்தாள். மேடைக்குப் பின்னால் நின்ற நாத்தனாரைத் தாண்டும்போது மாமா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"துப்பறியறவங்களா? நல்லது" என்றார் உட்காரும்போதே. "துப்பறியறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லம்மா. பட்டப்பகல்ல, எங்க கண்ணு முன்னாடி நடந்தது. நாத்தனார் புத்தி நாத்தனார் புத்திதான். என் தங்கச்சி பெத்த ஒரே பொண்ணு இவ. இவளுக்கு ஒண்ணுன்னா நான் சும்மா விடுவேனா?"

"விடக்கூடாதுங்க" என்றாள் டிக்கெட்டம்மா மிகுந்த மரியாதையோடு. "ஆனா எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் சாப்பாடே எனக்குப் பழக்கமில்லை. என்ன நடந்துச்சுன்னு புரிய மாட்டேங்குது. நாடு நாடாப் பார்த்தவர் நீங்க. அன்னைக்கு எப்படிச் சாப்பிட்டீங்களோ, அதே மாதிரி கொஞ்சம் செஞ்சு காட்டினீங்கன்னா…"

மாமாவின் நெஞ்சு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது. கடிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"இதுல என்னம்மா இருக்கு? ஒரு துறைமுகத்துல, காலையில நாலு மணிக்கு, மீன் அப்படியே துடிச்சுக்கிட்டு இருக்கும்…" பேசிக்கொண்டே குச்சியை எடுத்தார். வெள்ளரிக்காய் சுஷி ஒன்றைக் கவ்வினார். அது நழுவியது. மறுபடி கவ்வி, சாஸில் முக்கி, வாய்க்குள் தள்ளினார். "இதான். இவ்வளவுதான்."

கடுகு வாயைத் திறந்தான். டிக்கெட்டம்மாவின் செருப்பு மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தது. திறந்த வாயை அவன் அப்படியே மூடிக்கொண்டான்.

"இஞ்சி எடுத்தீங்களா அன்னைக்கு?"

"எடுத்தேனே. அதுக்கு அந்தம்மா ஒரு சட்டம் போட்டிருந்துச்சு. தடித்த முனையாலதான் எடுக்கணும்னு. நான் சட்டத்தை மதிக்கறவன்." குச்சியைத் திருப்பாமல், விரலை மாற்றாமல், சாஸ் சொட்டும் தங்க வளையத்தை அப்படியே இஞ்சித் தட்டுக்குள் விட்டு ஒரு துண்டை எடுத்தார். "இதோ. தடித்த முனை. என்னைப் பார்த்து யாராவது ஒரு குறை சொல்ல முடியுமா?"

ரோஜா நிற இஞ்சித் தட்டில் கறுப்பாக ஒரு சொட்டு சாஸ் விழுந்து, மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.

மணப்பெண்ணின் கை தானாக உதட்டுக்குப் போனது.

டிக்கெட்டம்மா தன் குச்சியை எடுத்து, கூர்முனை தட்டின் பக்கமும் தங்க வளையம் தன் பக்கமுமாக, மாமாவின் குச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். மாமா தன் குச்சியைப் பார்த்தார். அவளுடையதைப் பார்த்தார். மணப்பெண்ணின் முன்னால் இருந்த குச்சியைப் பார்த்தார். மறுபடி தன்னுடையதைப் பார்த்தார்.

"இது… இப்படியா பிடிக்கணும்?"

"ஆமாங்க" என்றாள் டிக்கெட்டம்மா மென்மையாக. "மத்த நாலு பேரும் கூர்முனையால சாப்பிட்டாங்க. இஞ்சி எடுக்கும்போது குச்சியைத் திருப்பிக்கிட்டாங்க. நீங்க ஆரம்பத்துலேர்ந்தே தடித்த முனையாலதான் சாப்பிட்டீங்க. இறாலையும் அதாலதான். அந்த முனையாலயே இஞ்சியும் எடுத்தீங்க. அந்தம்மா போட்ட சட்டத்தை நீங்க மீறவே இல்ல. அதனாலதான் மேடையிலேர்ந்து பார்த்த அந்தம்மாவுக்கும் வித்தியாசம் தெரியல. இறால் பட்ட இஞ்சியைக் கடைசியில இந்தப் பொண்ணு எடுத்துச் சாப்பிட்டா."

மாமா குச்சியைக் கீழே வைத்தார். அது மேஜையில் உருண்டு கடிதத்தில் முட்டி நின்றது. முகத்திலிருந்த கம்பீரம், பாய்மரத்திலிருந்து காற்று இறங்குவதுபோல் இறங்கியது. சட்டைப்பைக்குள் கை விட்டு, பேனா மாதிரி இருந்த ஒரு புது ஊசிக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பதினெட்டு வருஷமா வெச்சிருக்கேன்" என்றார். "இவளுக்கு ஆறு வயசுல முதல் தடவை மூச்சு நின்னப்ப நான்தான் தூக்கிக்கிட்டு ஓடினேன். அன்னையிலேர்ந்து சட்டையை மாத்தினாலும் இதை மாத்திவைக்க மறந்ததில்ல. தேதி முடியறதுக்கு முன்னாடி புதுசு வாங்கிடுவேன். இவ்வளவும் செஞ்சுட்டு… என் கையாலேயே…"

கடுகு இஞ்சித் தட்டை மணப்பெண்ணின் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினான்.

"முப்பத்தொரு நாட்டுல ஒருத்தரும் சொல்லித் தரலையா மாமா?" என்று கேட்டது மணப்பெண்தான்.

மாமா தன் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் தெரிந்த இரண்டு நேரத்தில் எதைப் பார்த்தாரோ.

"நாடு எங்கேம்மா பார்த்தேன்? முப்பத்தொரு துறைமுகம். சரக்கு இறக்கற வரைக்கும் எங்களை வெளிய விடமாட்டாங்க. இறக்கி முடிச்சதும் கப்பல் கிளம்பிடும். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு வெளிச்சத்தைப் பார்ப்போம். கப்பல் சமையல்காரன் கரண்டியால போடறதை, கரண்டியால சாப்பிடுவோம். உங்கம்மாவுக்கு எழுதற கடிதத்துல அதையெல்லாம் எழுத முடியுமா? அதான் நாடுன்னு எழுதினேன். எழுதி எழுதி எனக்கே பழகிப்போச்சு."

மணப்பெண் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊசிக் குழாயை எடுத்து, அவர் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினாள்.

"நீங்களே தள்ளிவிட்டு, நீங்களே தூக்கியும் விட்டீங்க. வேற யார்கிட்ட அந்த வேலையைக் கொடுத்திருந்தாலும் பாதியிலேயே விட்டிருப்பாங்க. கல்யாணத்தன்னைக்கும் இது பையிலயே இருக்கட்டும்."

மாமாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் அவள் கையை விடவும் இல்லை.

"மேடம்" என்று கிசுகிசுத்தான் கடுகு. "டிக்கெட் இல்லாதவன்தான் முதல்ல சத்தம் போடுவான்னீங்களே? இவர்கிட்ட டிக்கெட் இருக்கே."

"இருக்கு. ஏறினதுதான் தப்பான வண்டி. அப்படிப்பட்டவங்களையும் நிறைய பார்த்திருக்கேன். அவங்களுக்கு அபராதம் போட மனசு வராது. அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி, சரியான வண்டியைக் காட்டிவிடுவேன்."

மாமா எழுந்தார். கடிதத்தை எடுத்து, எட்டாக மடித்து, கால்சட்டைப் பைக்குள் திணித்தார். அறையை விட்டு வெளியே வந்து, மேடையை நோக்கி நடந்தார். இந்தத் தடவை நெஞ்சு நிமிரவில்லை. உயரமும் கொஞ்சம் குறைந்த மாதிரி கடுகுக்குத் தோன்றியது. தன் உயரத்துக்கு வந்துவிட்டார் என்று நினைத்ததும், அந்த மனிதர்மேல் அவனுக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாரான முகம். அறையில் பேசியது எதுவும் அவள் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை.

மாமா மேடைக்கு முன்னால் இருந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். பிறகு இரண்டு கையையும் மேடைமேல் விரித்து வைத்தார்.

"அம்மாடி, அன்னைக்கு நீ சொல்லித்தர வந்த. நான் வேண்டாம்னுட்டேன். அந்த ஒரு 'வேண்டாம்'தான் இவ்வளவுக்கும் காரணம்." மேடைமேல் இருந்த ஒரு ஜோடிக் குச்சியைத் தன் பக்கம் இழுத்தார். "நான் குச்சியைத் தலைகீழாப் பிடிச்சிருக்கேன். இஞ்சியில இறாலைச் சேர்த்தது நான்தான். உன்மேல தப்பே இல்ல. எல்லார்கிட்டயும் நானே சொல்றேன். முதல்ல உங்கப்பாகிட்ட, அப்புறம் உன் முதலாளிகிட்ட. ஆனா அதுக்கு முன்னாடி… எனக்கு இதைப் பிடிக்கச் சொல்லித் தர்றியா?"

நாத்தனாரின் கண்கள் மணப்பெண்ணைத் தேடின. மணப்பெண் தலையை ஆட்டினாள். இரண்டு பேருமே ஒரே நேரத்தில் அழுதுவிட்டுச் சிரித்தார்கள்.

"என்மேலயும் தப்பு இருக்கு" என்றாள் நாத்தனார், முகத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டே. "அவளுக்கு ஆகாததை மத்தவங்க சாப்பிடற மேஜையில பொதுத் தட்டுன்னு ஒண்ணு வெச்சிருக்கவே கூடாது. சட்டம் போட்டா போதும்னு நினைச்சேன். அவளுக்குன்னு இன்னொரு கிண்ணம் இஞ்சி வெச்சிருந்தா முடிஞ்சுபோற விஷயம்." குனிந்து ஒரு பெரிய நீலக் கிண்ணத்தை எடுத்தாள். புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து இஞ்சியை மலைபோலக் கொட்டி, அதிலேயே ஒரு சின்ன இடுக்கியைச் செருகி, மணப்பெண்ணின் பக்கம் தள்ளினாள். "இதைத் தொடறவங்க கையை ஒடிச்சுடுவேன்."

"அப்பாடா" என்றாள் மணப்பெண். "இப்பத்தான் நிஜ நாத்தனார் மாதிரி பேசறீங்க."

பிறகு நாத்தனார் மேடையைச் சுற்றி வந்து, மாமாவின் பக்கத்தில் நின்றாள். அவர் விரல்களைப் பிடித்து, குச்சியைத் திருப்பி, கூர்முனையைக் கீழே வைத்தாள். "கீழ்க்குச்சி அசையவே கூடாது. மேல்குச்சி மட்டும்தான் வேலை செய்யணும்."

"கீழ்க்குச்சி அசையக்கூடாது" என்று மாமா, பாடம் ஒப்பிக்கிற மாதிரி திரும்பச் சொன்னார். முதல் துண்டு நழுவியது. இரண்டாவதும் நழுவியது. மூன்றாவது வாய் வரைக்கும் வந்து, மடியில் விழுந்தது. யாரும் சிரிக்காததைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். நான்காவது துண்டு உள்ளே போனது.

சுவர்க்கடிகாரத்தில் மணி நான்கு. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அன்று யாரும் போகவில்லை.

டிக்கெட்டம்மா மேடைமேல் கை ஊன்றி, கடுகுவின் முன்னால் ஒரு தட்டை நகர்த்தினாள். வெள்ளைச் சோற்றுக் கட்டியின்மேல் ஆரஞ்சு நிற மீன் துண்டு ஒன்று பளபளத்தது. அதற்கப்பால், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த முழு மீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கடுகு குச்சியைப் பார்த்தான். மாமாவின் மடியைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, நாத்தனாரைக் கூப்பிட்டான்.

"அக்கா, நான் ஒரு நாடும் பார்த்ததில்ல. எனக்கு ஒரு முள்கரண்டி குடுங்க."